கிறிஸ்துமஸ் பலகாரம் அவசரமில்லாமல்: ஓய்வுபெற்றவர் வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

23-ஆம் தேதி காலையில் அரிசி ஊறப்போடும் வீட்டில்தான் முறுக்கு அச்சைவிட்டு வராது. பாகு முறியும், எண்ணெய் புகையும், இடுப்பு பிடித்துக்கொண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக முடியாமலும் ஆகும். வேலையை டிசம்பர் 8-ஆம் தேதியிலிருந்து விரித்துப் போட்டால், அறுபது தாண்டிய இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டிலும் மூன்று பலகாரம் நிதானமாகச் செய்துவிடலாம்.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கம் செய்வதை வைத்தே இது எழுதப்பட்டிருக்கிறது. பூ வடிவ அச்சை மாவில் தோய்த்துச் சுடுகிற அச்சு முறுக்கு கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம். தேன்குழல் துண்டுகளை வெல்லப் பாகில் கலக்கிற மனகோலமும், வரி போட்ட மாவு நாடாவை விரலில் சுற்றிச் சுடுகிற சீப்புச்சீடையும் இந்த ஊர்ப் பலகாரங்கள். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் செய்கிற அதே பக்குவம்தான். கேக்கை பேக்கரிக்கு விட்டுவிடுங்கள்.

1. முதலில் நாள் கணக்கு

இரண்டு விதிகள். ஒரு நாளைக்கு அடுப்பு முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. அதிக நாள் தாங்கும் பலகாரத்தை முதலில் செய்ய வேண்டும், சீக்கிரம் நமுத்துப்போவதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

டிசம்பர் 8 முதல் 10 வரை: பங்கு நோட்டு (யாருக்கு எவ்வளவு கொடுப்பது) எழுதுவது, சாமான் வாங்குவது, அச்சை ஊறப்போடுவது.
11 முதல் 13 வரை: அச்சைப் பழக்குவது.
14: அரிசி களைந்து உலர்த்துவது. 15: மில்.
16: மனகோலத்துக்குத் தேன்குழல் பிழிவது. 17: பாகு காய்ச்சிக் கலப்பது.
18: சீப்புச்சீடை. 19: ஓய்வு.
20: முட்டையில்லாத அச்சு முறுக்கு. 21: முட்டை சேர்த்தது.
22: அடைப்பது. 23: கொடுப்பது. 24: எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது.

19-ஆம் தேதி ஓய்வைத் தியாகம் செய்கிறவர்கள் அதிகம். அந்த ஒரு நாள் இல்லையென்றால் அச்சு முறுக்குக்குத் தோள் வலியோடுதான் உட்கார வேண்டும். கை நடுங்கினால் அச்சு மாவில் முழுகிவிடும்.

24-ஐக் காலியாக விடுவதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் வந்து இறங்குகிற நாள் அது. மறுநாள் கறிச் சமையலுக்கு மசாலா அரைக்க வேண்டும். இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்கோ வெளியூர்ப் பங்குக் கோயிலுக்கோ இரவுத் திருப்பலிக்குப் போகிறவர்கள் மாலையிலேயே கிளம்ப வேண்டியிருக்கும்.

ஒரு விலக்கு: கேரல் பாட வருகிறவர்கள் எந்த ராத்திரி உங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்பதைப் பங்குக் கோயிலில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். 17-க்கு முன்னால் என்றால் அரிசி உலர்த்துவது, மில், மனகோலம் மூன்றையும் நான்கு நாள் முன்னுக்குத் தள்ளுங்கள். குளிரில் பாடி வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி மனகோலமும் சுக்குக் காப்பியும் போதும். அச்சு முறுக்கைக் கும்பலில் நீட்டினால் பாதி தரையில்தான் கிடக்கும்.

2. பங்கு நோட்டு

சாமான் வாங்குவதற்கு முன்னால் யார் யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுத வேண்டும். அளவு தெரியாமல் வாங்கினால் எண்ணெயும் வெல்லமும் ஒன்றுக்கு இரண்டாகும், இல்லாவிட்டால் 23-ஆம் தேதி கடைக்கு ஓட வேண்டும்.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: வீடு, பங்கின் அளவு, முட்டை ஆகுமா, கொடுத்தாயிற்றா. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் உங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டவர்கள் முதலில் வர வேண்டும். பால்காரர், பேப்பர் போடுகிறவர், வேலை பார்த்த அலுவலகத்தில் இன்னும் தொடர்பில் இருக்கும் பழைய சகாக்கள், தனியாக இருக்கும் பெரியவர்கள் அடுத்து. ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும், போன வருடத்ததை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

மூன்றாவது கட்டம் சும்மா போட்டதில்லை. டிசம்பர் 25 மார்கழியில் விழுகிறது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கும் வீடுகள் தெருவுக்கு நாலாவது இருக்கும். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பும் திருக்கார்த்திகைக்கு 21 நாள் கழித்து, டிசம்பரிலோ சில வருடம் ஜனவரித் தொடக்கத்திலோ வரும். முட்டை கலந்ததை அந்த வீடுகளுக்குக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாப்பிட மாட்டார்கள். அதனால்தான் முட்டையில்லாத ஈடு தனியாக, அதுவும் முதலில்.

இங்கே கொடுத்திருக்கும் அளவு 20 பங்குக்கும் வீட்டுக்கும் சேர்த்தது. ஒரு பங்கு என்பது அச்சு முறுக்கு 5, மனகோலம் ஒரு கைப்பிடி, சீப்புச்சீடை 10 அல்லது 12.

3. சாமான்

- பச்சரிசி 2 கிலோ 600 கிராம். பலகாரத்துக்குப் பழைய அரிசி வேண்டும். புது அரிசி மாவு பிசுபிசுக்கும்.
- பாசிப்பருப்பு 400 கிராம்
- மைதா 150 கிராம்
- பாகு வெல்லம் 800 கிராம்
- சர்க்கரை 400 கிராம்
- முட்டை 2
- முற்றிய தேங்காய் 5
- பொட்டுக்கடலை 150 கிராம்
- கடலை எண்ணெய் 4 லிட்டர்
- வெண்ணெய் 50 கிராம், நெய் 3 மேசைக்கரண்டி
- ஏலக்காய் 20, சுக்குப்பொடி, கறுப்பு எள், உப்பு

அம்மாவோ அப்பத்தாவோ எழுதி வைத்த பழைய நோட்டில் எல்லாம் படியும் உழக்குமாக இருக்கும். அதை எங்கோ படித்த கிராம் கணக்குக்கு மாற்றாதீர்கள், படி வீட்டுக்கு வீடு வேறுபடும். அந்தப் படி இன்னும் வீட்டில் இருந்தால் அரிசியைத் தலைதட்டி அளந்து, தராசில் நிறுத்து, அந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பேத்தி செய்தாலும் தவறாது.

பாத்திரத்தில் முக்கியமானது சட்டி. அகலமான வாணலி அச்சு முறுக்குக்கு ஆகாது. குறுகலாக, ஆழமாக, அடி கனமாக இருக்க வேண்டும். எண்ணெய் குறைவாகப் பிடிக்கும், அச்சு அடியில் முட்டாது. முறுக்கு உரல் விஷயத்தில், கை மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பித்தளைத் திருகு உரல் வேண்டாம். இரண்டு கையாலும் அழுத்துகிற பழைய மர உரலோ, விசையை அமுக்கிப் பிழிகிற குழலோ மணிக்கட்டைக் காப்பாற்றும்.

4. அச்சைப் பழக்குதல்

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இதுதான். அச்சு முறுக்கில் வரும் பத்து தொந்தரவில் ஏழு பழகாத அச்சால் வருவது.

கடையில் வாங்கிய புது அச்சை ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதோடு சோப்பு முடிந்தது. அரிசி களைந்த கழுநீரில் மூன்று நாள் ஊறட்டும், தினமும் நீரை மாற்றுங்கள். எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, கடலை எண்ணெயில் ஒரு நாள் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். மறுநாள் அந்த எண்ணெயோடு அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் 10 நிமிடம் காயவிட்டு, அடுப்பை அணைத்து அதிலேயே ஆறவிடுங்கள். உலோகத்தின் நுண்ணிய பள்ளங்களில் எண்ணெய் இறங்கி ஒரு படலமாகிவிடும். மாவு உலோகத்தைத் தொடாமல் அந்தப் படலத்தைத்தான் தொடும், அதனால் கழன்று வரும்.

வீட்டில் இருக்கிற பழைய பித்தளை, இரும்பு அச்சுக்கு ஊறலும் ஒரு நாள் எண்ணெயும் போதும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் பழைய அச்சு தென்பட்டால் விடாதீர்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். பூவின் கீழ் விளிம்பு சமதளத்தில் வைத்தால் ஆடக்கூடாது. கம்பி பூவோடு சேரும் இடத்தில் ஈயப் பற்றவைப்பு இருக்கக்கூடாது, எண்ணெய்ச் சூட்டில் அது இளகும்.

கனமான அச்சு நல்லது. மெல்லிய அச்சு மாவில் தோய்த்தவுடனே சூட்டை இழந்துவிடும்.

5. மாவு: இரண்டு விதம், இரண்டு நாள்

மனகோலத்துக்கும் சீப்புச்சீடைக்கும் ஒரே உலர்மாவு. அச்சு முறுக்குக்கு ஈரமாவு, அது அன்றைக்கே வீட்டிலேயே ஆகிற வேலை. இரண்டையும் ஒரே நாளில் அரைத்து வைத்தால் ஈரமாவு புளித்துப்போகும்.

உலர்மாவுக்கு அரிசி 1 கிலோ 600 கிராமைக் களைந்து, வடித்து, வெள்ளைத் துணியில் பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழை முடியாத நேரம், வெயிலை நம்ப முடியாது. முற்றத்தில் போடாமல் உள் அறையில் மின்விசிறியின் கீழ் ஓர் இரவு விடுங்கள். கையில் அள்ளிவிட்டால் ஒட்டாமல் உதிர வேண்டும். பாசிப்பருப்பு 400 கிராமை எண்ணெயில்லாமல் வாசம் வரும்வரை, நிறம் லேசாக மாறும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் பலகாரம் கறுக்கும்.

இரண்டையும் கலந்தே மில்லுக்குக் கொண்டுபோங்கள். காலையில் முதல் ஆளாகப் போக வேண்டும். உங்களுக்கு முன்னால் மிளகாயோ மல்லியோ ஓடியிருந்தால் அந்தக் காரம் மனகோலத்தில் ஏறும், என்ன செய்தாலும் போகாது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி அரிசியை முதலில் போட்டு ஓட்டச் சொல்லி, அந்த மாவைக் கோலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும். வந்தவுடன் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட்டு, சலித்து, அதற்குப் பிறகுதான் மூட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து, கட்டி தட்டும். அந்தக் கட்டிதான் பின்னால் எண்ணெயில் வெடிக்கும்.

6. மனகோலம்

முதல் நாள் தேன்குழல். மாவு 1 கிலோவோடு உப்பு ஒரு தேக்கரண்டி, காய்ந்த எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து விரவி, தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். சின்னக் கண் தட்டில் பிழிந்து, ஓசை அடங்கும்வரை வேகவிட்டு எடுங்கள். மொறுமொறுப்பு முழுமையாக வர வேண்டும். பாகு மேலே படிந்த பிறகு உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லை, நான்கு நாளில் சிக்கு வாடை வந்துவிடும். ஆறியதும் அரை அங்குலத் துண்டுகளாக ஒடித்து டின்னில் போடுங்கள். ஒடிப்பது உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டே செய்கிற வேலை.

மறுநாள் பாகு. அதற்கு முன்னால் அரைமூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, நெய்யில் நன்றாகச் சிவக்க வறுங்கள். வெள்ளையாக எடுத்தால் ஒரு வாரத்தில் காறும். அதே நெய்யில் பொட்டுக்கடலையை ஒரு புரட்டு. ஏலக்காய் 10 பொடித்தது, சுக்குப்பொடி ஒரு தேக்கரண்டி எல்லாவற்றையும் ஒடித்த தேன்குழலோடு கலந்து, இரண்டு பாத்திரமாகப் பிரித்து வையுங்கள்.

பாகையும் இரண்டு ஈடாகத்தான் காய்ச்ச வேண்டும். 800 கிராம் வெல்லப் பாகை ஒரே தடவையில் ஊற்றினால், கிளறி முடிப்பதற்குள் பாதி இறுகிவிடும். வயதான தோளுக்கு அந்த வேகம் வராது. ஓர் ஈட்டுக்கு வெல்லம் 400 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைந்ததும் கட்டாயம் வடிகட்டுங்கள், வெல்லத்தில் மண் இருக்கும். திரும்ப அடுப்பில் வைத்து நடுத்தரத் தீயில் காய்ச்சுங்கள்.

பதம் பார்க்கிற இடத்தில் நிதானம் வேண்டும். கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. பாகைச் சொட்டுவிட்டால் முதலில் தண்ணீரில் கரையும். அடுத்து, கையில் எடுத்தால் இளகிய உருண்டையாகத் திரளும். அதிரசத்துக்கு அது போதும், மனகோலத்துக்குப் போதாது. இன்னும் ஒன்றிரண்டு நிமிடத்தில் உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்கும். அந்தக் கணம் அடுப்பை அணையுங்கள். சொட்டுப் பார்க்கும்போதெல்லாம் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தட்டைத் தேடும் நேரத்தில் பதம் தாண்டிவிடும். காது மந்தமானவர்கள் ஓசையை நம்ப வேண்டாம். உருண்டையை விரலால் அழுத்தினால் நசுங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பாகை ஊற்றி மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவைத் தூவினால் உதிரியாகும். ஆறின பிறகும் கையில் ஒட்டினால் பதம் குறைவு. அதை உருண்டை பிடித்துவிடுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். சீனி பூத்த மாதிரி வெளுத்தால் பதம் மிஞ்சியிருக்கிறது. ருசி கெடாது, பங்குக்குக் கொடுக்கலாம்.

7. சீப்புச்சீடை

மாவு 1 கிலோ, வெண்ணெய் 50 கிராம், உப்பு இரண்டு தேக்கரண்டி. இரண்டு தேங்காயில் எடுத்த முதல் பால் 400 மில்லியை ஆவி வரும்வரை மட்டும் சூடாக்குங்கள். கொதித்தால் திரிந்துவிடும். சூட்டோடு மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டாம் பால் தெளித்து மிருதுவாகப் பிசையுங்கள்.

சீப்புத் தட்டைப் போட்டு நாடாவாகப் பிழிந்து, இரண்டு அங்குலமாக நறுக்கி, வரி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி ஆள்காட்டி விரலில் சுற்றி, ஓரங்களை ஒட்டிவிடுங்கள். ஓரம் ஒட்டவில்லை என்றால் மாவு காய்ந்திருக்கிறது. பால் இன்னும் கொஞ்சம் தெளித்துப் பிசையலாம். காயாமல் இருக்க, பிசைந்த மாவில் பாதியை ஈரத் துணியால் மூடி வையுங்கள். எண்ணெயில் சீடை கரைந்து நூல் நூலாகப் பிரிந்தால் வெண்ணெய் அதிகம், ஒரு பிடி மாவு சேருங்கள். மிதமான தீயில், வெளுப்பு மாறிப் பொன்னிறம் எட்டிப்பார்க்கும்போதே எடுக்க வேண்டும்.

இதில் சர்க்கரை இல்லை. வீட்டில் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் மாலைக் காப்பியோடு நாலு எடுத்துக்கொள்ள மூன்றில் இதுவே வசதி. அரிசிமாவு அரிசிமாவுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சுற்றுகிற வேலை இரண்டு மணி நேரம் பிடிக்கும், கை மட்டும்தான் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். பெரியவர்களிடம் பழைய கிறிஸ்துமஸ் பற்றிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் இந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்கிற சமயத்தில் பதிவு வைத்தால் சட்டி ஓசைதான் கேட்கும், பேசுகிறவர் கவனமும் சிதறும். கைப்பேசியை ஒரு துணி மடிப்பின் மேல் அவர் முழங்கால் பக்கம் வையுங்கள். தாம்பாளத்தின் மேல் வைத்தால் தட்டுகிற சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கும். ‘அந்தக் காலத்து கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும். இந்த அச்சை யார் வாங்கினார்கள், வெல்லம் எங்கே வாங்குவீர்கள், சாமப் பூசைக்கு யார் யார் சேர்ந்து நடந்து போவீர்கள், மலேயாவிலிருந்து வந்த பெட்டியில் என்ன இருந்தது, குடிலுக்கு வைக்கோல் யார் கொடுப்பார் என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். ஒரு பொருள் தெரிந்தால் ஒன்பது பேர் வருவார்கள். ஒரு பதிவு 20 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். அன்றைக்கே தேதியும் பேசியவர் பெயரும் போட்டுச் சேமித்துவிடுங்கள். ‘புதிய பதிவு 14’ என்று கிடந்தால் அடுத்த வருடம் யாரும் திறக்க மாட்டார்கள்.

8. அச்சு முறுக்கு

ஓர் ஈட்டு அளவு: பச்சரிசி 500 கிராம், மைதா 75, சர்க்கரை 200, ஒரு பெரிய தேங்காய், எள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் 5, உப்பு கால் தேக்கரண்டி. முட்டை ஈட்டுக்கு முட்டை 2. சுமார் 60 முறுக்கு வரும், அச்சு பெரிதானால் குறையும்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் அரை மணி நேரம் பரப்புங்கள். அள்ளினால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. மிக்ஸியில் அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, கப்பியைத் திரும்ப அரையுங்கள். கப்பி தங்கினால் முறுக்கு நறநறக்கும், அச்சிலும் ஒட்டும்.

தேங்காயில் முதல் பால் 300 மில்லி எடுங்கள். சர்க்கரையை அதில் முழுக்கக் கரைத்துவிடுங்கள். கரையாத சர்க்கரைத் துகள் அச்சில் பட்டுக் கருகி, அந்த இடத்தில் மாவைப் பிடித்துக்கொள்ளும். முட்டையை நுரைக்க அடிக்க வேண்டாம், மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும். நுரை அதிகமானால் முறுக்கில் குமிழ் வந்து இதழ் உடையும். அரிசிமாவு, மைதா, உப்பு சேர்த்துக் கரைத்து, இரண்டாம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். நீர்த்த தோசைமாவுப் பதம். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால், கோடு உடனே மூடிக்கொள்ளக்கூடாது. கடைசியில் எள், ஏலப்பொடி. அரை மணி நேரம் மூடி வையுங்கள், மைதாவும் அரிசியும் பாலைக் குடித்துக் கொஞ்சம் இறுகும். அதற்குப் பிறகு பதத்தைத் திரும்பப் பாருங்கள்.

முட்டையில்லாத ஈட்டில் மைதா பிணைப்பு வேலையைப் பார்க்கும். முதல் பாலை 50 மில்லி கூட்டி, மாவைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே சட்டியையும் எண்ணெயையும் மறுநாள் முட்டை ஈட்டுக்குப் பயன்படுத்தலாம். தலைகீழாகச் செய்தால் மாலை போட்ட வீட்டுக்குக் கொடுக்க முடியாது.

எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும், தேன்குழல் சுட்ட எண்ணெய் நுரைக்கும். சட்டியில் அச்சு முழுகி அடியில் இரண்டு விரல் மிச்சம் இருக்கிற ஆழம். காய்ந்ததும் சொட்டு மாவு விடுங்கள். அடியில் போய் உடனே மேலே வந்தால் சரி. மேலேயே நின்று சிவந்தால் சூடு அதிகம். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ்.

இனி கை வேலை:

அச்சை எண்ணெயில் 3 நிமிடம் காயவிடுங்கள். தூக்கி, சட்டியின் மேலேயே இரண்டு முறை உதறி எண்ணெயை வடியுங்கள். எண்ணெய் சொட்டச் சொட்ட மாவில் வைத்தால் மாவின் மேல் எண்ணெய்ப் படலம் கட்டும், அடுத்த முறுக்கு பிடிக்காது.

மாவில் முக்கால் உயரம் மட்டும் தோயுங்கள். ‘சுர்’ என்ற ஓசை வர வேண்டும். முழுக்கத் தோய்த்தால் மாவு மேல் விளிம்பைத் தாண்டிப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முறுக்கை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

எண்ணெயில் இறக்கி, 20 முதல் 30 விநாடி அசைக்காமல் பிடியுங்கள். குமிழ் குறைகிறபோது மெல்ல மேலும் கீழும் ஆட்டினால் தானே கழன்றுவிடும். கழலாவிட்டால் மரக்குச்சியால் மேல் விளிம்பை ஒரு தள்ளு. முன்னாலேயே அவசரப்பட்டு ஆட்டினால் பூ கோணும்.

கழன்ற முறுக்கைத் திருப்பிவிட்டு, அச்சை எண்ணெயிலேயே ஓரமாக விடுங்கள், அடுத்ததற்குச் சூடாகிக்கொண்டிருக்கும். இளம்பொன் நிறத்தில் முறுக்கை எடுத்துவிடுங்கள். வெளியே வந்த பிறகும் ஒரு சாயல் கூடும். எடுக்கும்போது துவண்டுதான் இருக்கும், இரண்டு நிமிடத்தில் விறைக்கும். அதைப் பார்த்து வேகவில்லை என்று திரும்பப் போடுகிறவர்கள்தான் கருக்கிவிடுகிறார்கள்.

ஒவ்வொரு முறையும் தோய்ப்பதற்கு முன்னால் மாவை அடிவரை கலக்குங்கள். அரிசிமாவு அடியில் தங்கும். கலக்காவிட்டால் முதல் இருபது மெல்லியதாகவும் கடைசி இருபது கல்லாகவும் வரும்.

ஓர் ஈட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நின்றுகொண்டு செய்ய வேண்டாம். உயரம் குறைந்த மேசையில் ஒற்றை அடுப்பை வைத்து, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து செய்யுங்கள். மாவு இடது பக்கம், எண்ணெய் நடுவில், வடிதட்டு வலது பக்கம். இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளலாம். சட்டியை மூடுகிற அளவு தட்டு ஒன்று கை எட்டும் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். எண்ணெய் பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து அந்தத் தட்டால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

9. எங்கே தவறுகிறது

மாவு அச்சில் பிடிக்கவே இல்லை: அச்சு ஆறிவிட்டது, அல்லது எண்ணெய் வடியவில்லை. இரண்டும் இல்லையென்றால் மாவு தண்ணீராகிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு சேருங்கள்.

மாவில் வைத்தவுடனே வெந்து கழன்று மாவிலேயே விழுகிறது: அச்சு அளவுக்கு மேல் காய்ந்திருக்கிறது. எண்ணெய்க்கு வெளியே பத்து விநாடி பிடித்துவிட்டுத் தோயுங்கள்.

எண்ணெயில் கழலவில்லை: முதல் மூன்று நான்கு முறுக்கு எல்லா அச்சிலும் இப்படித்தான். சுரண்டி எடுத்துவிட்டுத் தொடருங்கள், கத்தி படக்கூடாது. பத்து தாண்டியும் ஒட்டினால் சர்க்கரை அதிகம், அல்லது அச்சு பழகவில்லை. கூடுதல் அரிசிமாவும் பாலும் சேர்த்து இனிப்பைக் குறைப்பதுதான் வழி.

மறுநாள் நமுத்துவிட்டது: குறைந்த சூட்டில் சுட்டது, அல்லது சூடு ஆறாமல் டின்னில் அடைத்தது. எண்ணெய் குடித்திருந்தாலும் காரணம் சூடு குறைவுதான்.

சீக்கிரம் சிவந்து உள்ளே மென்மையாக இருக்கிறது: தீயைக் குறையுங்கள். இரண்டு அச்சு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிச் சுட்டால் எண்ணெய் அளவுக்கு மேல் காய நேரம் இருக்காது.

10. அடைப்பதும் கொடுப்பதும்

மூன்றையும் தனித்தனி டின்னில்தான் வைக்க வேண்டும். மனகோலத்தின் பாகு ஈரம் இழுக்கும், அச்சு முறுக்கு அதைக் குடித்துத் தளர்ந்துவிடும். டின்னைக் கழுவியிருந்தால் வெயிலில் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்து, துடைத்துப் பயன்படுத்துங்கள். அச்சு முறுக்கை அடுக்கும்போது மூன்று வரிசைக்கு ஒரு தாள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.

பனையோலைக் கொட்டானில் கொடுப்பது இந்த ஊருக்கே உள்ள அழகு. ஆனால் ஓலை காற்றை உள்ளே விடும். 22-ஆம் தேதியே கொட்டானில் நேரடியாகப் போட்டு வைத்தால் 23-க்குள் நமுத்துவிடும். பலகாரத்தைத் தனித்தனிக் கவரில் போட்டு வாயை ஒட்டி, அந்தக் கவர்களைக் கொட்டானில் வைத்து, கிளம்புகிற நேரத்தில் மூடுங்கள். அடியில் மனகோலம், நடுவில் சீடை, மேலே அச்சு முறுக்கு.

முட்டையில்லாத பங்குகளுக்கு வேறு நிறக் கயிறு கட்டுங்கள். கொடுக்கிற பேரன் மறந்தாலும் கயிறு சொல்லும். கொடுக்கும்போது ‘இதுல முட்டை இல்லங்க ஆச்சி’ என்று வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். கேட்க அவர்கள் கூச்சப்படுவார்கள்.

பாத்திரத்தில் கொடுத்தால் பெரும்பாலான வீட்டில் வெறும் பாத்திரமாகத் திருப்ப மாட்டார்கள், சர்க்கரையோ பழமோ போட்டுத்தான் வரும். திரும்பி வருகிற பாத்திரம் யாருடையது என்று நோட்டில் குறியுங்கள், பொங்கல்வரை அலைய வேண்டாம்.

வெளிநாட்டுக்கும் வெளியூருக்கும் கூரியரில் அனுப்புகிறவர்கள் மனகோலமும் சீடையும் மட்டும் அனுப்புங்கள். அச்சு முறுக்கு போய்ச் சேரும்போது பொடியாகத்தான் இருக்கும்.

11. விழா முடிந்த பிறகு

அச்சு முறுக்கு பத்து நாளைக்குள், சீடை இரண்டு வாரத்துக்குள், மனகோலம் மூன்று வாரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். நமுத்துப்போன அச்சு முறுக்கைக் காய்ந்த தோசைக்கல்லில், அடுப்பை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் பரப்பி வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு திரும்பும்.

முட்டை ஈடு சுட்ட எண்ணெயைத் திரும்பப் பலகாரத்துக்கு எடுக்க வேண்டாம். மற்றதை வடிகட்டித் தாளிப்புக்கு ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அச்சைச் சோப்பில் போடாதீர்கள். சூட்டோடு பழைய துணியால் துடைத்து, பூ இடுக்கில் ஒட்டியதை மரக்குச்சியால் எடுத்து, கடலை எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வேர்த்து, இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை களிம்பேறும். பங்கு நோட்டில் இந்த வருடம் மிஞ்சியது எது, பற்றாமல் போனது எது என்று இரண்டு வரி எழுதி, நோட்டையும் அந்தத் துணிச் சுற்றோடு அதே டின்னில் போட்டுவிடுங்கள்.